அன்று 'கருப்பர் நகரம்', இன்று வட சென்னை: பெயர் மாறிய ஏரியாவின் பண்பாடு எங்கே இருக்கிறது?

திண்டுக்கல், ஆத்தூர், சின்னாளபட்டி பக்கத்திலிருந்து சென்னைக்கு ரயில் ஏறுபவர்கள் பெரும்பாலும் எழும்பூரில் இறங்குகிறார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் வடக்கே போனால் பாரிமுனை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, புளியந்தோப்பு, வியாசர்பாடி. வட சென்னை என்று சொன்னதும் பலருக்கும் சினிமாவில் பார்த்த கத்தியும் கேங்கும்தான் ஞாபகத்துக்கு வரும்.

ஆனால் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம், தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில், கானா பாட்டு, குத்துச்சண்டை பரம்பரைகள், கேரம் உலக சாம்பியன்கள் என எல்லாமே இந்தப் பக்கத்துக் கதைதான். அமெரிக்காவின் நியூயார்க்கில் கருப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியைப் பாரம்பரியம் என்று உலகமே கொண்டாடுகிறது. சென்னையிலும் அப்படி ஒரு பகுதி இருக்கிறது. அதன் ஒரு பாகத்துக்கு ஒரு காலத்தில் பெயரே 'கருப்பர் நகரம்'தான்!

அந்தப் பெயர் எப்படி வந்தது? அங்கே என்ன பண்பாடு வளர்ந்தது? இன்று அது ஏன் கேள்விக்குறியாக நிற்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

கருப்பர் நகரம் என்றால் என்ன?

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரையில் ஒரு துண்டு நிலம் கிடைக்கிறது. அங்கே புனித ஜார்ஜ் கோட்டை எழுகிறது. கோட்டைக்குள் ஐரோப்பியர்கள் வாழ்ந்த பகுதி 'வெள்ளையர் நகரம்'. கோட்டைக்கு வெளியே, வடக்குப் பக்கம் உள்ளூர் மக்கள் வாழ்ந்த பகுதி 'கருப்பர் நகரம்'. தோலின் நிறத்தை வைத்து ஒரு ஊரையே இரண்டாகப் பிரித்து, அதையே வரைபடத்திலும் எழுதி வைத்தார்கள்.

கம்பெனி இங்கே வந்ததே துணி வியாபாரத்துக்காக. அதனால் நெசவாளிகள், சாயம் போடுபவர்கள், துணி வெளுப்பவர்கள், துபாஷிகள், வணிகர்கள் எல்லாரும் கோட்டையைச் சுற்றிக் குடியேறினார்கள். வண்ணாரப்பேட்டை என்ற பெயரே துணி வெளுத்த தொழிலிலிருந்து வந்ததுதான். திருவொற்றியூர் பக்கம் இருக்கும் காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை. கவர்னர் காலட் பெயரில் அமைந்த நெசவாளர் பேட்டை அது. மக்கள் வாயில் காலட் மெல்ல காலடி ஆகிவிட்டார்.

முதல் கருப்பர் நகரம் இப்போது எங்கே?

இல்லை. அதை இடித்துவிட்டார்கள்.

1746-ல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. 1749-ல் ஊர் மறுபடியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில், 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி மறுபடியும் கோட்டையை முற்றுகையிட்டார். கோட்டைக்கு ஒட்டினாற்போல் வீடுகள் இருந்தால் எதிரி அதில் மறைந்துகொள்வான் என்று கணக்குப் போட்டார்கள். கோட்டைக்கு எதிரே இருந்த பழைய கருப்பர் நகரம் முழுக்க தரைமட்டம் ஆனது. அங்கே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. பிறகு அந்தக் கோயில் பூக்கடைப் பக்கம் திரும்பக் கட்டப்பட்டது.

காலியான அந்த இடத்தில்தான் இன்று சென்னை உயர் நீதிமன்றம் நிற்கிறது. இதற்கு மேல் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டட வளாகத்தில் இன்னும் இருக்கிறது. தினமும் லட்சக்கணக்கானவர்கள் பஸ் மாறும் இடம். ஆனால் அது ஒரு ஊரின் கல்லறைக் கல் மாதிரி என்று தெரிந்தவர்கள் குறைவு.

வெளியேற்றப்பட்ட மக்கள் இன்னும் வடக்கே நகர்ந்தார்கள். முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை பகுதிகள் புதிய கருப்பர் நகரம் ஆயின. அதைச் சுற்றி ஒரு மதில் எழுப்பப்பட்டது. மதிலுக்கான செலவை மக்களிடமே வரியாக வசூலிக்கத் திட்டமிட்டதால் வந்த பெயர்தான் 'வால்டாக்ஸ் ரோடு'. இன்று அது வ.உ.சி. சாலை. அந்த மதிலின் மிச்சத்தை ராயபுரம் பழைய ஜெயில் ரோட்டில் உள்ள மாடிப் பூங்காவில் பார்க்கலாம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் கருப்பர் நகரம் 'ஜார்ஜ் டவுன்' ஆனது. பெயர்ப்பலகை மாறியது. வடக்கு என்றாலே ஒரு படி கீழே என்ற பார்வை மட்டும் மாறவில்லை.

அப்படியென்றால் எல்லாரும் ஒன்றாக இருந்தார்களா?

இல்லை. ஹார்லெமுக்கும் வட சென்னைக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அங்கே பிரித்தது நிறம். இங்கே நிறத்தோடு சாதியும் சேர்ந்துகொண்டது.

வெள்ளைக்காரர் பார்வையில் எல்லாரும் 'கருப்பர்'. ஆனால் கருப்பர் நகரத்துக்குள் பெரிய வணிகர்களும் இருந்தார்கள், கூலிகளும் இருந்தார்கள். தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. 1707-ல் வலங்கை, இடங்கைப் பிரிவினருக்கு இடையே பெரிய மோதல் வெடித்தது. எந்தத் தெரு யாருக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்துத்தான் கம்பெனி நிர்வாகம் அதை அடக்கியது. தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புகள் இவர்கள் எல்லாருக்கும் வெளியே, ஓரத்தில் இருந்தன.

ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம் என்ற கிராமத்து அமைப்பு நகரத்துக்கும் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

ரயிலும் மில்லும் கொண்டுவந்த மாற்றம்

1856 ஜூலை 1-ஆம் தேதி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து ஆற்காடு நோக்கிக் கிளம்பியது. பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது. 1876-ல் பக்கிங்காம் மில், 1881-ல் கர்நாடிக் மில். மக்கள் வாயில் இரண்டும் சேர்ந்து 'பி அண்ட் சி மில்'. துறைமுகமும் வளர்ந்தது. செங்கல்பட்டு, வட ஆற்காடு கிராமங்களிலிருந்து நிலம் இல்லாத குடும்பங்கள் பிழைப்புத் தேடி வந்தன. புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர், ஓட்டேரி எல்லாம் தொழிலாளர் குடியிருப்புகளாக நிரம்பின.

அமெரிக்காவிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. தெற்கு மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு லட்சக்கணக்கான கருப்பின மக்கள் நியூயார்க், சிகாகோ என வடக்கு நகரங்களுக்குப் போனார்கள். ஹார்லெம் உருவானது அப்படித்தான். இரண்டு இடத்திலும் மக்களை இழுத்தது கூலி மட்டுமல்ல. பண்ணையாரின் பார்வையிலிருந்து தப்பித்து, தலை நிமிர்ந்து நடக்கலாம் என்ற நம்பிக்கையும்தான்.

1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுதான் என்று வரலாறு சொல்கிறது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் முன்னணியில் நின்றார்கள்.

1921: இரண்டு நகரங்களில் எரிந்த தீ

ஒற்றுமை நீடிக்கவில்லை. 1921-ல் மில் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்பினார்கள். இதையொட்டி மோதல் வெடித்தது. புளியந்தோப்பில் ஆதி திராவிடர் குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வர்க்கமா, சாதியா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டு அரசியல் முகத்துக்கு நேராகச் சந்தித்த இடம் அது.

அதே ஆண்டு மே 31-ஆம் தேதியும் ஜூன் 1-ஆம் தேதியும் அமெரிக்காவின் துல்சா நகரில் கருப்பின மக்கள் கடை, தியேட்டர், ஆஸ்பத்திரி என்று கட்டி வளர்த்திருந்த கிரீன்வுட் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்தது. சுமார் 35 தெருப் பகுதிகள் சாம்பலாயின. இரண்டு சம்பவத்துக்கும் காரணம் வேறு வேறு. ஆனால் ஒதுக்கப்பட்ட மக்கள் ஒரு இடத்தில் வேர் பிடிக்கும்போது முதலில் குறிவைக்கப்பட்டது அவர்கள் வீடுதான்.

இந்த ஒற்றுமையை அம்பேத்கரும் கவனித்திருந்தார். 1946-ல் அவர் கருப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபையில் கருப்பின மக்கள் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார். டு போய்ஸ் பதிலும் போட்டார். பிறகு 1972-ல் மும்பையில் உருவான 'தலித் பாந்தர்ஸ்' அமைப்பு, அமெரிக்காவின் 'பிளாக் பாந்தர்ஸ்' பெயரைப் பார்த்துத்தான் தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது.

சரி, அங்கே வளர்ந்த பண்பாடு என்ன?

முதலில் கானா. ஏரியாவில் ஒருவர் இறந்துவிட்டால், உடல் எடுக்கும் வரை ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். அழுகையின் நடுவே ஒருவர் பாட ஆரம்பிப்பார். இறந்தவர் எப்படி வாழ்ந்தார், என்ன சாப்பிட்டார், யாரிடம் சண்டை போட்டார், எல்லாம் பாட்டில் வரும். டோலக் இருந்தால் டோலக். இல்லாவிட்டால் பெஞ்சு, குடம், தீப்பெட்டி. அமெரிக்கக் கருப்பின மக்களின் புளூஸ் மாதிரி, துக்கத்தைக் கேலியோடு சேர்த்துச் சொல்லும் கலை இது.

பல காலம் இதை ரவுடிப் பாட்டு என்று ஒதுக்கினார்கள். 1990-களில் இசையமைப்பாளர் தேவா சினிமாவுக்குள் கொண்டுவந்தார். 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு முதல் முறையாக மேடை ஏறியது. இயக்குநர் பா.இரஞ்சித், இசையமைப்பாளர் டென்மா முயற்சியில் உருவான குழு இது. 'சாதியற்ற தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் பயன்படுத்திய சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. கானாவோடு ராப்பும் ராக்கும் கைகோத்தன. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி, ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவில் தனக்கென இடம் பிடித்தார். 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலிலும் இடம்பெற்றார்.

இரண்டாவது குத்துச்சண்டை. துறைமுகத்திலும் மில்லிலும் உடம்பை முறித்து வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் கையுறை மாட்டினார்கள். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று அணி பிரிந்து மோதினார்கள். இங்கே பரம்பரை என்பது ரத்த வழி அல்ல, வாத்தியார் வழி. எந்த வாத்தியாரிடம் கற்றோமோ அந்தப் பரம்பரை. 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படம் இந்த உலகத்தை மற்ற ஊர்க்காரர்களுக்கும் காட்டியது. 1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடினார். தொலைவில் இருந்த ஒரு கருப்பின வீரரை இந்த ஏரியா ஏன் இவ்வளவு சொந்தமாக நினைத்தது என்பதற்குத் தனியாக விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது தெரு விளையாட்டு. வியாசர்பாடியில் கால்பந்து மோகம் எவ்வளவு என்றால் அதற்கு 'மினி பிரேசில்' என்றே பட்டப்பெயர். கேரம் இன்னொரு அதிசயம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். கேரத்துக்குப் பெரிய ஸ்டேடியம் வேண்டாம். ஒரு போர்டு, கொஞ்சம் பவுடர், சொல்லிக் கொடுக்க ஒரு அண்ணன் போதும்.

நான்காவது சாப்பாடு. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் பல வியாசர்பாடியில் குடியமர்த்தப்பட்டன. அவர்கள் கையோடு கொண்டுவந்த அத்தோவும் மொய்ங்காவும் இன்று பாரிமுனை, பீச் ஸ்டேஷன் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் சாயங்கால டிபன். காசிமேட்டு மீன், மின்ட் தெருவின் வடநாட்டுத் தின்பண்டம், பெரம்பூர் ஆங்கிலோ இந்தியர்களின் கிறிஸ்துமஸ் கேக் எல்லாம் இதே வட்டாரத்துக்குள் அடக்கம்.

ஐந்தாவது படிப்பு. பகலில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்காக ஏரியா இளைஞர்களே நடத்தும் இரவுப் பாடசாலைகளும், அம்பேத்கர் பெயரிலான படிப்பகங்களும் இங்கே பழைய வழக்கம். முதலில் படித்து மேலே வந்தவர், அடுத்த பேட்ச் பசங்களுக்கு டியூஷன் எடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம்.

இப்போது என்ன சிக்கல்?

மேலே சொன்ன ஐந்துக்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது. எதுவுமே கட்டடத்துக்குள் இல்லை. எல்லாம் பக்கத்து வீடு, முட்டுச்சந்து, வாத்தியார் வீட்டுத் திண்ணை, வேலையிடத்துக்கு நடந்து போகும் தூரம் ஆகியவற்றை நம்பி இருப்பவை. துக்க வீட்டுக்கு அரை மணி நேரத்தில் ஓடிவர ஆள் இருந்தால்தான் கானா.

1996-ல் பி அண்ட் சி மில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலையான சம்பளம் நின்றது. இன்னொரு பக்கம் மறுகுடியமர்வு. 1970-ல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம், முதலில் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தது. புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரத்தில் தெரியும் பழைய 'ஹவுசிங் போர்டு'கள் அந்தக் காலத்தவை. 2000-க்குப் பிறகு வழி மாறியது. நகரின் பல பகுதிகளிலிருந்தும், குறிப்பாக ஆற்றங்கரை, கால்வாய்க் கரைகளிலிருந்தும் மக்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு எல்லைக்கு அனுப்பப்பட்டார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பாரிமுனையிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரம்.

கான்கிரீட் வீடு கிடைத்தது உண்மை. வெள்ளத்தில் வருஷா வருஷம் அடித்துப் போகும் குடிசையில் யாரும் ஆசைப்பட்டு வாழவில்லை. ஆனால் காலை நாலு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போக வேண்டியவருக்கும், நாலு வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும் 20 கி.மீ. என்பது வேலையையே விட்டுவிடும் தூரம். ஒரே தெருக்காரர்கள் வேறு வேறு பிளாக்கில் சிதறினால், இருபது வருஷப் பழக்கமும் சிதறுகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இடம் பெயர்ந்த மக்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் இருந்த கார்த்திகா, கண்ணகி நகர் பொண்ணு. 'கண்ணகி நகர் என்றாலே வேறு மாதிரி பார்க்கிறார்கள்' என்ற பேச்சை மாற்றிய வெற்றி அது. புதிய இடத்திலும் வேர் பிடிக்கும். ஆனால் அதற்கு ஒரு தலைமுறை ஆகிறது. அந்த இடைவெளியின் விலையை அந்தக் குடும்பங்கள்தான் கட்டுகின்றன.

ஹார்லெம் சொல்லும் பாடம்

ஹார்லெமில் 1920-களில் கவிதை, ஜாஸ், நாடகம் என்று ஒரு மறுமலர்ச்சியே நடந்தது. அப்பல்லோ தியேட்டர் இன்றும் இருக்கிறது. கருப்பின வரலாற்றுக்கான ஷாம்பர்க் ஆய்வு மையமும் அங்கேதான் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் வந்து போகிறார்கள். ஆனால் வாடகை ஏற ஏற, அந்தப் பண்பாட்டை உருவாக்கிய குடும்பங்கள் பல வெளியேறின. கட்டடம் காப்பாற்றப்பட்டது, குடித்தனம் காப்பாற்றப்படவில்லை.

வட சென்னையும் இப்போது அந்தத் திருப்பத்தில்தான் நிற்கிறது. வண்ணாரப்பேட்டையைத் தாண்டி விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டது. 2023-ல் அறிவிக்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு, 2024 மார்ச்சில் தொடக்க விழா நடந்தபோது 4,000 கோடி ரூபாய்க்கும் மேல் ஒதுக்கீடு சொல்லப்பட்டது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம் வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. பல பத்தாண்டுகளாகக் கேட்ட விஷயங்கள்தான் அவை. வசதி வந்த பிறகு வாடகை ஏறும். அப்போது இதே மக்கள் இங்கேயே இருப்பார்களா என்பதுதான் கேள்வி.

பெயரை மாற்றினால் போதுமா?

2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று தமிழ்நாடு முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். தாழ்த்தப்பட்டவர் குடியிருப்பு என்று சுட்டிக்காட்டி ஒதுக்கும் சொல்லாக அது மாறிவிட்டது என்பதே காரணம். சென்னைக்கு மட்டுமல்ல, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்கள் வரைக்கும் பொருந்துகிற விஷயம் இது. முகவரியில் அந்த ஒரு சொல் இருந்ததால் தலை குனிந்தவர்களுக்கு இது சின்ன மாற்றம் அல்ல.

ஆனால் கருப்பர் நகரம் ஜார்ஜ் டவுன் ஆகி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெயர் மாறிய பிறகும் வட சென்னை விலாசம் சொன்னால் சட்டென்று மாறும் முகங்கள் இருக்கத்தான் செய்கின்றன. பெயரோடு சேர்த்துப் பார்வையும் மாற வேண்டும்.

அதற்கு என்ன செய்யலாம்? இடம் மாற்றாமல், இருக்கும் இடத்திலேயே வீடு கட்டிக் கொடுப்பது முதல் வழி. குடிசை மாற்று வாரியம் ஒரு காலத்தில் செய்து காட்டியதுதான். மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஒரு தெருவை ஒரே பிளாக்கில் சேர்த்து, வேலைக்குப் போகும் தூரத்துக்குள் கொடுப்பது இரண்டாவது. பாரம்பரியப் பட்டியலில் கல் கட்டடங்களோடு நிற்காமல், கானா பாடும் பெரியவர்களையும் குத்துச்சண்டை வாத்தியார்களையும் அவர்கள் குரலிலேயே பதிவு செய்வது மூன்றாவது. வாய்மொழிக் கலைகளும் பாரம்பரியம்தான் என்கிறது யுனெஸ்கோவின் 2003 உடன்படிக்கை. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடுதான்.

அடுத்த முறை பாரிமுனையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தால், டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கும் அந்த 1773 தூணை ஒரு நிமிஷம் பாருங்கள். 'இதைத் தாண்டி நீங்கள் வரக் கூடாது' என்று ஒரு ஊருக்குச் சொல்வதற்காக நட்ட கல் அது. அதற்கு வடக்கே தள்ளப்பட்டவர்கள்தான் இந்த நகரத்துக்கு ரயில் ஓட்டினார்கள், சங்கம் கட்டினார்கள், பாட்டுக் கொடுத்தார்கள். இன்னொரு முறை அவர்களைத் தள்ளிவிடாமல் இருப்பதுதான் வட சென்னைப் பாரம்பரியத்துக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை.